தரைவழிச் சூடாக்கமும் ஒலிக்காப்பும்

தரைவழிச் சூடாக்கத்தையும் ஒலிக்காப்பையும் ஒரே தரையில் இணைப்பது, குளிர் நாடுகளின் அடுக்குமாடி வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஒரு கட்டுமான முறை ஆகும். தரைக்குள் பதித்த குழாய்களில் வெந்நீரைச் செலுத்தி அறையைச் சூடாக்குவது தரைவழிச் சூடாக்கம் எனப்படும். ஒரு வீட்டில் எழும் ஓசை அடுத்த வீட்டுக்கோ கீழ்வீட்டுக்கோ செல்லாமல் தடுப்பது ஒலிக்காப்பு எனப்படும்.

வெப்பம் கீழே இறங்கி வீணாகாமல் இருக்கக் குழாய்களுக்கு அடியில் ஒரு காப்புப் படலம் தேவை. காலடி ஓசை கீழே இறங்காமல் இருக்கவும் அதே இடத்தில் ஒரு படலம் தேவை. எனவே சரியான பொருளைத் தேர்ந்தால் ஒரே படலத்தைக் கொண்டு இரு பயன்களையும் பெறலாம். ஆனால், வெப்பத்தைத் தடுக்கும் பொருள்கள் அனைத்தும் ஓசையைத் தடுப்பதில்லை. பொருள் தவறினாலோ, படலம் ஓரிடத்தில் விடுபட்டாலோ மேல்வீடு சூடாகவே இருக்கும். கீழ்வீட்டில் வாழ்வோரின் உறக்கம் கெடும். மேலே கலவை இறுகிய பின்னர், தரையை உடைக்காமல் இப்படலத்தை எட்ட இயலாது.

சென்னை போன்ற வெப்பமான ஊர்களில் வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. எனினும் இம்முறையில் பயன்படும் தரை அமைப்பு, குழாய்கள் இல்லாமலேயே, இங்குள்ள அடுக்கு வீடுகளின் ஓசைச் சிக்கலுக்கும் தீர்வாக அமையக்கூடியது.

தரைவழிச் சூடாக்கம்

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு ஆகிய மூன்று வழிகளில் பரவுகிறது. சூடான தரை அறைக்குத் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி கதிர்வீச்சாகவே வெளிப்படுகிறது. இதனால் காற்றை மிகுதியாகச் சூடேற்றாமலேயே அறையில் இருப்போர் கதகதப்பை உணர்வர். விசிறி தேவையில்லை; தூசியும் கிளம்பாது.

தரையின் மேற்பரப்பு வெப்பநிலைக்கு ஒரு வரம்பு உண்டு. ஐரோப்பியச் சீர்தரமான ஈ.என். 1264, மக்கள் புழங்கும் பகுதிகளில் இதனை 29 °செ எனக் கொள்கிறது. அறை 20 °செ அளவிலும் தரை 29 °செ அளவிலும் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் தரை ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தைத் தருகிறது. நன்கு காப்பிடப்பட்ட வீட்டுக்கு இது போதுமானது. பொதுவாக 30 முதல் 45 °செ வரையிலான வெந்நீரே போதும் என்பதால், வெப்ப ஏற்றிகள், சூரிய வெப்பக் கலன்கள் போன்றவற்றுடன் இம்முறை நன்கு பொருந்துகிறது.

குழாய்கள் பெரும்பாலும் வெப்பம் தாங்கும் பாலிஎத்திலீனால் ஆனவை. அவற்றை மூடியவாறு சிமெண்ட்-மணல் கலவை ஒரே சீராக இடப்படுகிறது. கட்டுமானத் தொழிலில் ஸ்கிரீடு எனப்படும் இப்படலம் இக்கட்டுரையில் மேற்கலவை எனக் குறிக்கப்படுகிறது. இது வெப்பத்தைக் குழாயிலிருந்து பெற்றுத் தரை முழுவதும் பரப்புகிறது.

வரலாறு

தரைக்கு அடியில் தீ மூட்டி அறையைச் சூடாக்கும் வழக்கம் பழமையானது. உரோமானியர் தம் குளியல் மாளிகைகளின் தரையைச் சிறு தூண்களின் மேல் எழுப்பி, அடியில் வெப்பக் காற்றைச் செலுத்தினர். காஷ்மீரில் மசூதிகளிலும் சில வீடுகளிலும் உள்ள அம்மாம் எனப்படும் அறைகளில், கற்பலகைகளால் ஆன தரைக்கு அடியில் விறகு எரிக்கப்படுகிறது. இந்திய நிலப்பரப்பில் தரைவழிச் சூடாக்கத்துக்கு இது ஒரு தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

கொரியாவின் ஓண்டோல் முறையில், சமையலறை அடுப்பின் புகையும் வெப்பமும் அறைத் தரையின் கற்பலகைகளுக்கு அடியில் சென்று மறுபுறம் உள்ள புகைபோக்கி வழியாக வெளியேறின. தென் கொரிய அரசு 2018-ஆம் ஆண்டில் ஓண்டோல் பண்பாட்டைத் தேசியத் தொட்டுணர முடியாத மரபுச் செல்வமாக அறிவித்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட், சப்பானில் ஒரு செல்வரின் இல்லத்தில் இருந்த கொரிய அறையில் இம்முறையை அறிந்தார். பின்னர் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரில் 1937-இல் கட்டிய ஜேக்கப்ஸ் இல்லத்தில் தரைக்கு அடியில் குழாய்களைப் பதித்துப் பயன்படுத்தினார்.

இவை யாவும் நிலத்தின் மீது நேரடியாக அமைந்த தரைகள் ஆகும். கீழே ஒருவரும் குடியிருக்கவில்லை. எனவே காலடி ஓசை ஒரு சிக்கலாக எழவில்லை. சூடான தரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பின்னரே, வெப்பமும் ஓசையும் சேர்த்து ஆராயப்பட வேண்டியவையாயின.

ஓசை பரவும் வழிகள்

ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு ஓசை மூன்று வழிகளில் செல்கிறது.

1. காற்றுவழி ஒலி: பேச்சு, தொலைக்காட்சி, பாட்டு போன்றவை காற்றில் பரவித் தளத்தையோ சுவரையோ அதிரச் செய்து மறுபுறம் கேட்கின்றன. இதனைத் தடுப்பதில் நிறைக்கு முதன்மைப் பங்கு உண்டு. தடுப்பின் நிறையை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதல் காப்புக் கிடைக்கும்.
2. மோதல் ஒலி: நடத்தல், ஓடுதல், நாற்காலியை இழுத்தல், பாத்திரம் விழுதல் போன்றவை தளத்தையே நேரடியாகத் தட்டுகின்றன. இதற்கு நிறை மட்டும் போதாது.
3. பக்கவழிப் பரவல்: தளத்தில் ஏறிய அதிர்வு சுவர், தூண், உத்தரம் ஆகியவற்றின் வழியே சுற்றிச் சென்று வேறோர் அறையில் ஓசையாக வெளிப்படுகிறது.

மோதல் ஒலியை அளக்க, சீர்தரத் தட்டும் கருவி ஒன்று மேல்மாடித் தரையில் வைக்கப்படுகிறது. அதிலுள்ள 500 கிராம் எடை கொண்ட ஐந்து சுத்தியல்கள் 40 மி.மீ உயரத்திலிருந்து, நொடிக்கு மொத்தம் 10 முறை விழுகின்றன. அப்போது கீழறையில் கேட்கும் ஓசை டெசிபெல்லில் அளக்கப்படுகிறது. ஆகவே இந்த அளவில் எண் குறைவாக இருப்பதே நல்லது. 10 டெசிபெல் குறைந்தால் காதுக்கு ஓசை ஏறத்தாழ பாதியாகத் தோன்றும்.

மேற்பூச்சு எதுவும் இல்லாத 150 மி.மீ கான்கிரீட் தளத்துக்கு இவ்வளவு கணக்கீட்டின்படி 74 டெசிபெல் அளவில் வரும். தளத்தை 210 மி.மீ ஆகத் தடித்தாலும் 69 டெசிபெல் வரையே குறையும். செருமனியின் டி.ஐ.என். 4109 சீர்தரம், 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் அடுக்குமாடி வீடுகளுக்கு இடையிலான தரைக்கு 50 டெசிபெல்லை வரம்பாக வைத்தது. இந்த இடைவெளியைக் கான்கிரீட்டைத் தடிப்பதால் மட்டும் நிரப்ப இயலாது என்பது இதிலிருந்து விளங்கும்.

இரு தேவைகளின் முரண்பாடு

ஓசையைக் குறைக்க எளிய வழி தரையின் மேல் மென்மையான பொருளை விரிப்பது ஆகும். தடித்த கம்பளம், நுரை விரிப்பு ஆகியவை காலடி ஓசையைப் பிறக்கும் இடத்திலேயே அடக்குகின்றன. ஆனால் சூடாக்கப்படும் தரையில் இவை வெப்பத்தையும் அடக்கிவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக, 10 மி.மீ தடிப்புள்ள நுரை விரிப்பின் வெப்பத்தடை சதுர மீட்டருக்கு, வாட்டுக்கு 0.25 பாகை அளவில் இருக்கும். அதன் வழியே 100 வாட் மேலேற வேண்டுமானால், விரிப்பின் அடிப்புறம் மேற்புறத்தைவிட 25 பாகை கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும். அதற்கு வெந்நீரின் வெப்பநிலையை உயர்த்த நேரும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். இதனால் மேல்விரிப்பின் வெப்பத்தடை 0.15-ஐ மீறாதிருப்பது நல்லது எனக் கொள்ளப்படுகிறது. பீங்கான் ஓட்டின் தடை 0.01 அளவே என்பதால் சூடான தரைக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் ஓடு மோதல் ஒலியைச் சற்றும் குறைப்பதில்லை.

மற்றொரு முனையில், குழாய்களைக் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே பதிக்கும் முறை உள்ளது. இதில் வெப்பத்தின் ஒரு பகுதி கீழ்வீட்டின் கூரைக்குச் செல்கிறது. காலடி ஓசையும் தடையின்றி உடன் செல்கிறது.

எனவே மென்மையான படலம் தேவை. ஆனால் அது குழாய்களுக்கு மேலே இருத்தல் ஆகாது, கீழேயே இருத்தல் வேண்டும். இதுவே இவ்விணைப்பின் அடிப்படை விதி ஆகும்.

மிதவைத் தரை

மேற்கலவையைக் கான்கிரீட் தளத்தோடும் சுவரோடும் ஒட்டவிடாமல், மீள்தன்மையுள்ள ஒரு படலத்தின் மேல் தாங்கி நிற்கச் செய்வது மிதவைத் தரை எனப்படும். கீழிருந்து மேலாக அதன் அடுக்குகள் பின்வருமாறு:

1. கான்கிரீட் தளம்.
2. மட்டம் செய்யும் அடுக்கு. மின்குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் தளத்தின் மேல் செல்லுமானால், அவற்றின் உயரத்துக்கு விறைப்பான காப்புப் பலகைகள் இடப்பட்டுப் பரப்பு சமமாக்கப்படுகிறது.
3. மீள்தன்மைப் படலம். பாறைக் கம்பளி, கண்ணாடி இழைக் கம்பளி, அல்லது ஓசைக்கெனவே மென்மையாக்கப்பட்ட பாலிஸ்டைரீன் பலகை. இது இடைவெளி இன்றித் தரை முழுவதும் பரவியிருக்க வேண்டும்.
4. பாலித்தீன் தாள். ஈரக் கலவை கீழே கசியாமல் இது தடுக்கிறது.
5. வெந்நீர்க் குழாய்கள்.
6. மேற்கலவை. வீடுகளில் சிமெண்ட் கலவை குழாய்க்கு மேல் குறைந்தது 45 மி.மீ இருக்கவேண்டும் என்பது வழக்கமான விதி. ஆகவே மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 65 மி.மீ ஆகும்.
7. ஓடு, கல் அல்லது மெல்லிய மரப்பலகை.

இவற்றோடு, சுவரோரம் முழுவதும் 8 முதல் 10 மி.மீ தடிப்புள்ள மென்மையான ஓரப்பட்டை நிறுத்தப்படுகிறது. சூடாகும்போது விரியும் மேற்கலவைக்கு இடம் தருவதும், அதிர்வு சுவருக்குள் ஏறாமல் தடுப்பதும் இதன் பணிகள். 8 மீட்டர் நீளமுள்ள மேற்கலவை 20 பாகை சூடாகும்போது ஏறத்தாழ 2 மி.மீ நீள்கிறது. இங்கும் ஒரே பொருள் வெப்பத்துக்கும் ஓசைக்கும் சேர்த்துப் பயன்படுவதைக் காணலாம்.

மீள்தன்மையின் முதன்மை

வெப்பக் காப்புக்குக் காற்றறைகள் கொண்ட எந்தப் பொருளும் போதும். கீழே சூடாக்கப்பட்ட வீடு இருக்குமானால், ஈ.என். 1264 கோரும் 0.75 வெப்பத்தடையை ஏறத்தாழ 30 மி.மீ பாலிஸ்டைரீன் பலகையால் அடையலாம். தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்று அறியப்படுவது இப்பொருளே. ஆனால் சாதாரணத் தெர்மாகோல் பலகை அழுத்தத்துக்கு விறைப்பாக நிற்பது. ஓசைக்குத் தேவையானதோ வில்சுருள் போல் அமுங்கி மீளும் தன்மை.

மேற்கலவையும் அதன் அடியில் உள்ள படலமும் சேர்ந்து, வில்சுருளின் மேல் வைத்த எடை போல ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தாமாகவே அதிரும். இது ஒத்ததிர்வு அதிர்வெண் எனப்படும். படலத்தின் இயங்குவிறைப்பை மேற்கலவையின் நிறையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 160-ஆல் பெருக்கினால் இந்த அதிர்வெண் ஹெர்ட்சில் கிடைக்கும். இங்கு இயங்குவிறைப்பு கன மீட்டருக்கு மெகாநியூட்டனிலும், நிறை சதுர மீட்டருக்குக் கிலோகிராமிலும் குறிக்கப்படும்.

65 மி.மீ மேற்கலவையின் நிறை சதுர மீட்டருக்கு 130 கிலோகிராம். இரு வகைப் படலங்களை ஒப்பிடலாம்:

- இயங்குவிறைப்பு 10 உள்ள மென்மையான படலம்: ஒத்ததிர்வு 44 ஹெர்ட்ஸ். 500 ஹெர்ட்ஸ் ஓசையில் ஏறத்தாழ 32 டெசிபெல் குறைவு.
- இயங்குவிறைப்பு 100 உள்ள விறைப்பான படலம்: ஒத்ததிர்வு 140 ஹெர்ட்ஸ். 500 ஹெர்ட்ஸ் ஓசையில் ஏறத்தாழ 17 டெசிபெல் மட்டும் குறைவு.

ஒத்ததிர்வு அதிர்வெண்ணிலும் அதன் அண்மையிலும் மிதவைத் தரை ஓசையைக் குறைப்பதில்லை, கூட்டவும் கூடும். குழந்தைகள் ஓடுவதும், குதிகால் ஊன்றி நடப்பதும் பெரும்பாலும் 100 ஹெர்ட்சுக்குக் கீழேயே ஓசை எழுப்புகின்றன. ஆகவே விறைப்பான பலகை, பாத்திரம் விழும் ஓசையைச் சற்றே குறைத்தாலும், கீழ்வீட்டாரை மிகுதியாக வருத்தும் தொம்தொம் என்ற ஓசையை அப்படியே விடுகிறது.

அளவுக்கு மீறிய மென்மையும் தீங்கானது. படலம் மிகுதியாக அமுங்கினால் மேற்கலவை விரிசல் கண்டு, அதனுள் உள்ள குழாயும் கெடலாம். எனவே சூடாக்கப்படும் மேற்கலவையின் அடியில் மொத்த அமுக்கம் 5 மி.மீ-ஐ மீறக்கூடாது எனச் செருமானியச் சீர்தரம் வரையறுக்கிறது.

ஒலிப்பாலங்கள்

மேற்கலவை ஓரிடத்திலேனும் தளத்தையோ சுவரையோ விறைப்பாகத் தொடுமானால், அந்த இடம் ஒலிப்பாலம் எனப்படும். ஒரு கைப்பிடி அளவுக் கலவை கூடப் பல டெசிபெல் பயனை அழித்துவிடும். பொதுவாக ஒலிப்பாலங்கள் ஏற்படும் இடங்கள்:

- காப்புப் பலகைகளின் இணைப்புகளில் கலவை இறங்கும் இடம்.
- குழாயைப் பிடிக்கும் கொக்கிகள் படலத்தைத் துளைத்துத் தளத்தைத் தொடும் இடம்.
- குழாய்கள் தளத்தை ஊடுருவிச் செல்லும் இடம். இங்கு மென்மையான உறை இடவேண்டும்.
- சுவரோரத்தில் ஓரப்பட்டையை முன்கூட்டியே வெட்டிவிட்டதால் ஓட்டுப் பசையும் இணைப்புச் சாந்தும் நிரம்பும் இடம்.
- ஸ்கர்ட்டிங் எனப்படும் சுவரடி ஓடு, தரை ஓட்டின் மேல் விறைப்பாக அமரும் இடம். இங்குச் சாந்துக்குப் பதிலாகச் சிலிக்கோன் இடப்படுகிறது.
- கதவு நிலையும் குளியலறை வாசலும்.

வெந்நீரைச் செலுத்தும் எக்கியின் அதிர்வும் குழாய் வழியே பரவக்கூடியது. எக்கியை ரப்பர் தாங்கிகளின் மேல் வைப்பதும், நெகிழ்வான இணைப்புக் குழாய்களைப் பயன்படுத்துவதும், குழாய்களிலிருந்து காற்றை முற்றிலும் வெளியேற்றுவதும் இதற்குத் தீர்வுகள் ஆகும்.

பணி வரிசை

குழாய்களை இட்டபின் அவற்றில் அழுத்தம் ஏற்றிக் கசிவு சோதிக்கப்படுகிறது. கலவை இடும்போதும் குழாய்கள் அழுத்தத்துடனேயே வைக்கப்படுகின்றன. சிமெண்ட் மேற்கலவையை 21 நாட்களுக்கு முன்னர்ச் சூடாக்கக் கூடாது. முதலில் 20 முதல் 25 °செ நீரை 3 நாட்களும், பின்னர் உச்ச வெப்பநிலையில் 4 நாட்களும் செலுத்த வேண்டும். ஒரே தொடர்ச்சியான மேற்கலவைப் பரப்பு 40 சதுர மீட்டரையும், ஒரு பக்கம் 8 மீட்டரையும் மீறினால் விரிவு இணைப்புகள் விடப்படுகின்றன. ஓடுகள் பதித்து இணைப்புகளை நிரப்பிய பின்னரே ஓரப்பட்டையின் மேல்விளிம்பு வெட்டப்பட வேண்டும். இவ்வரிசை மாறுவதும் தரைகள் எதிர்பார்த்த பயனைத் தராமைக்கு ஒரு காரணம் ஆகும்.

கொரியாவின் பட்டறிவு

தரைவழிச் சூடாக்கமும் அடுக்குமாடி வாழ்க்கையும் மிக நெருக்கமாகச் சேர்ந்த நாடு தென் கொரியா ஆகும். அங்கு மக்கள் வீட்டுக்குள் காலணி அணிவதில்லை. தரையில் அமர்வதும் உறங்குவதும் வழக்கம். தரை சூடாக இருப்பதால் தடித்த கம்பளம் விரிப்பதும் அரிது. ஆகவே வெறுங்காலின் குதிகால் ஓசை நேரே தளத்தில் இறங்குகிறது.

அங்குப் பரவலான தரை அமைப்பில் 210 மி.மீ கான்கிரீட் தளம், 30 மி.மீ மீள்தன்மைப் படலம், 40 மி.மீ இலகு கான்கிரீட், குழாய்களைக் கொண்ட 40 மி.மீ மேற்கலவை ஆகியன உள்ளன. மெல்லிய ஓசைகளுக்கு 58 டெசிபெல்லும், குதித்தல் போன்ற கனத்த ஓசைகளுக்கு 50 டெசிபெல்லும் வரம்புகளாக இருந்தன. ஆயினும் மேல்வீடு, கீழ்வீட்டாரிடையே பூசல்கள் குறையவில்லை. சில கைகலப்பிலும் கொலையிலும் முடிந்தன. 2012-இல் அரசு இதற்கெனவே ஆலோசனை, சமரச மையம் ஒன்றைத் தொடங்கியது.

2019-இல் அந்நாட்டின் தணிக்கை வாரியம் 191 வீடுகளில் அளவெடுத்தது. அவற்றுள் 96 விழுக்காடு, கட்டுவதற்கு முன் ஆய்வகத்தில் பெற்ற தரநிலையைவிடக் கீழாக இருந்தன. 60 விழுக்காடு குறைந்தபட்ச வரம்பையே எட்டவில்லை. தாளில் இருந்த படலத்துக்கும் தரையில் இடப்பட்ட படலத்துக்கும் இடையிலான வேறுபாடு இதனால் வெளிப்பட்டது.

இதன் விளைவாக, 2022 ஆகத்து முதல் புதிய திட்டங்களில் கட்டி முடித்த வீடுகளிலேயே அளவெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வரம்பு இருவகை ஓசைக்கும் 49 டெசிபெல் ஆக்கப்பட்டது. கனத்த ஓசைக்கு 2.5 கிலோகிராம் ரப்பர்ப் பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து அளக்கின்றனர். ஆய்வகச் சான்றிதழ் மட்டும் போதாது, கட்டிய தரையே சான்று என்பதே இம்மாற்றத்தின் பொருள் ஆகும்.

மரச்சட்ட வீடுகள்

ரொறன்ரோவிலும் அதன் புறநகர்களிலும் தமிழர் பலர் வாழும் வீடுகள் மரச்சட்டத்தால் ஆனவை. அவற்றுள் பலவற்றில் நிலவறை தனிக் குடியிருப்பாக வாடகைக்கு விடப்படுகிறது. நிலவறைத் தரையைச் சூடாக்குவதில் ஓசைச் சிக்கல் இல்லை. அதன் கீழே எவரும் இல்லை. சிக்கல் இருப்பது நிலவறையின் கூரையாகவும் மேல்வீட்டின் தரையாகவும் உள்ள மரத்தரையில் ஆகும்.

மரத்தரை இலகுவானது, 65 மி.மீ சிமெண்ட் கலவையின் பாரத்தைப் பொதுவாகத் தாங்காது. அதனால் இரு முறைகள் கையாளப்படுகின்றன. முதலாவது, ஓசை தடுக்கும் பாயை விரித்துக் குழாய்களை இட்டு, ஏறத்தாழ 38 மி.மீ சிப்சக் கலவையால் மூடுவது. இரண்டாவது, மரப்பலகைக்கு அடியில், சட்டங்களுக்கு இடையே, அலுமினியத் தகடுகளோடு குழாய்களைப் பொருத்துவது. இரண்டாவது முறையில் வெப்பம் கீழே இறங்காமல் இருக்கச் சட்டங்களுக்கு இடையில் கண்ணாடி இழைக் கம்பளி நிரப்பப்படுகிறது. அதே கம்பளி அந்தக் குழிவில் எதிரொலிக்கும் ஓசையையும் உறிஞ்சுகிறது. கீழே சிப்சப் பலகைகளை நேரடியாகச் சட்டத்தில் அடிக்காமல், நெகிழ்வான உலோகப் பட்டைகளில் தொங்கவிட்டால் பயன் மேலும் கூடும்.

கனடாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 1990-ஆம் ஆண்டுப் பதிப்பில் வீடுகளுக்கு இடையிலான காற்றுவழி ஒலிக்காப்பு எண்ணை 45-லிருந்து 50-ஆக உயர்த்தியது. மோதல் ஒலிக்கு அது பரிந்துரை மட்டுமே தந்தது. ஆகவே விதியை நிறைவு செய்த வீட்டிலும் காலடி ஓசை கேட்கக்கூடும்.

இந்தியாவில்

தமிழ்நாட்டில் சூடான தரை பொருந்தக்கூடிய இடங்கள் உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்கள் ஆகும். 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழுவது உண்டு.

சமவெளியில் இதே குழாய்களில் குளிர்ந்த நீரைச் செலுத்திக் குளிரூட்டலாம். இன்போசிஸ் நிறுவனம் ஐதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் 2011-இல் திறந்த அலுவலகக் கட்டடத்தில், ஒரு பாதியில் வழக்கமான குளிரூட்டலும், மறு பாதியில் தளத்தில் பதித்த குழாய்வழிக் குளிரூட்டலும் அமைக்கப்பட்டு ஒப்பிடப்பட்டன. குழாய்வழிப் பாதி குளிரூட்டலுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தையே பயன்படுத்தியது. இத்தகைய கட்டடங்களில் கான்கிரீட் கூரையை மூடாமல் விடவேண்டியுள்ளதால், ஓசையை உறிஞ்சும் தொங்கு கூரையை முழுமையாக அமைக்க இயலாது. வெப்பமும் ஒலியும் இங்கும் ஒரே பரப்புக்காகப் போட்டியிடுகின்றன.

சென்னையில் காற்றின் ஈரப்பதம் மற்றொரு தடை ஆகும். 30 °செ வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 25 °செ-க்குக் கீழான எந்தப் பரப்பிலும் நீர்த்துளிகளாகப் படியும். ஆகவே சன்னல்கள் திறந்த வீட்டில் 20 °செ தரை நனைந்து வழுக்கும். காற்றை உலர்த்தும் கருவி இன்றி இங்குக் குளிர்தரை பயன்தராது.

சென்னைப் புறநகர் வீடுகளில்

சென்னையின் மேற்கே உள்ள நூம்பல், வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி போன்ற இடங்களில் தனி வீடுகளோடு அடுக்கு வீடுகளும் உள்ளன. இத்தகைய அடுக்கு வீடுகளில் பொதுவாக 125 முதல் 150 மி.மீ கான்கிரீட் தளத்தின் மேல், சிமெண்ட் கலவையில் ஓடுகள் நேரடியாகப் பதிக்கப்படுகின்றன. இடையில் மென்மையான படலம் எதுவும் இல்லை. இங்கும் கொரியாவைப் போலவே மக்கள் வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கின்றனர், தரையில் அமர்கின்றனர். கம்பளம் விரிப்பதில்லை. எவர்சில்வர் பாத்திரம் விழுவதும், நாற்காலி இழுபடுவதும், கிரைண்டர் ஓடுவதும் கீழ்வீட்டில் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் எட்டாம் பாகத்தின் நான்காம் பிரிவு, ஒலியியல் மற்றும் ஒலிக்காப்பைப் பற்றியது. எனினும் வீடு வாங்குவோர் தளத்தின் தடிப்பையும் ஓட்டின் விலையையும் கேட்கும் அளவுக்கு அவற்றின் இடையில் இருக்க வேண்டிய படலத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

புதிதாகக் கட்டும் வீட்டில் குழாய்கள் இல்லாத மிதவைத் தரையை அமைப்பதற்குப் பின்வருவனவற்றைக் கருத வேண்டும்:

- உயரம்: வழக்கமான ஓட்டுத் தரையைவிட 20 முதல் 40 மி.மீ கூடுதலாகத் தேவைப்படலாம். கதவு நிலைகளையும் படிகளையும் முன்பே அதற்கேற்ப அமைக்க வேண்டும்.
- பாரம்: 65 மி.மீ கலவை சதுர மீட்டருக்கு 130 கிலோகிராம். வீடுகளுக்கான புழக்கப் பாரமாக இந்தியச் சீர்தரம் ஐ.எஸ். 875 கொள்வது ஏறத்தாழ 200 கிலோகிராம். பழைய ஓட்டையும் கலவையையும் அகற்றாமல் அதன் மேலேயே புதிய கலவை இடுவது தளத்துக்குக் கேடு விளைவிக்கும். கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் இன்றியமையாதது.
- ஈரம்: குளியலறை, சமையலறையின் கழுவுமிடம் ஆகியவற்றில் நீர் படலத்துக்குள் இறங்கினால் காயாது. இவ்விடங்களை மிதவைத் தரையிலிருந்து பிரித்து, நீர்த்தடுப்புச் செய்ய வேண்டும்.

கட்டி முடித்த வீடுகளில் செய்யக்கூடியவை குறைவு. கீழ்வீட்டார் தம் கூரையின் அடியில் தொங்கு கூரை அமைத்தால் உயர் அதிர்வெண் ஓசைகள் சற்றுக் குறையும். சுவர்கள் வழியே இறங்கும் ஓசையும், குதிகால் ஓசையும் பெரிதும் குறையா. மேல்வீட்டார் கிரைண்டர், சலவை எந்திரம் ஆகியவற்றின் அடியில் தடித்த ரப்பர்த் துண்டுகளை வைப்பதும், நாற்காலிக் கால்களில் கம்பளித் துணி ஒட்டுவதும், குழந்தைகள் விளையாடும் இடத்தில் தென்னை நார் விரிப்பு அல்லது நுரைப் பாய் இடுவதும் மிகுந்த பயன் தரும். இங்குத் தரையைச் சூடாக்க வேண்டியதில்லை என்பதால், மேலே விரிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

மோதல் ஒலியைப் பொறுத்தவரை, ஓசையால் துன்புறுவோர் கீழ்வீட்டில் இருக்க, அதனைத் தடுக்கும் இடம் மேல்வீட்டின் தரையில் உள்ளது. அந்தத் தரையை அமைக்கும்போது இருவருமே பெரும்பாலும் அங்குக் குடிவந்திருப்பதில்லை. ஆகவே ஓடு பதிப்பதற்கு முன் மீள்தன்மைப் படலமும் ஓரப்பட்டையும் குறையின்றி இடப்பட்டுள்ளனவா என்று சரிபார்ப்பது, வீடு கட்டுவோரின் முதன்மையான கடமைகளுள் ஒன்று ஆகும்.